கொக்கோ மூட்டைக்கு எதிர்த்தட்டில்

மாத்தளையில் நான் இருந்த அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பனிதான். விடியும் நேரத்தில் தெருவில் பனி இறங்கி நிற்கும். எதிர்வீட்டுக் கதவு தெரியாது, கோயில் கோபுரம் தெரியாது, குனிந்தால் என் பாதமும் தெரியாது. பாதம் தெரியாததற்குப் பனியை மட்டும் குறை சொல்லக்கூடாது. உச்சி வெயிலிலும் எனக்கு அது தெரியாது. அப்போது நான் அவ்வளவு பருமன்.

என் கணவர் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நாலந்தாப் பக்கம் போகிறவர்களும் ரத்தோட்டை மலைக்கு ஏறுகிறவர்களும் அங்கேதான் தேத்தண்ணி குடிப்பார்கள். விற்காமல் மிஞ்சிய போண்டாவும் பூந்தியும் சாயங்காலம் ஒரு சருவப் பாத்திரத்தில் வீட்டுக்கு வந்துவிடும். வீணாகப் போகிறதே என்று நான் சாப்பிடுவேன். அவருக்கு அதில் ஒரே பெருமை. "நம்ம கடைச் சாப்பாடு எப்படின்னு உன்னைப் பார்த்தாலே ஊருக்குத் தெரியும்" என்பார். எனக்கும் கோபம் வராது. கோபம் வராதது மட்டுமல்ல, இன்னும் இரண்டு உருண்டை எடுத்துக்கொள்வேன். பருமனாக இருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை, என் தங்கைக்கு முதல் பிரசவம் நடந்த நாள் வரைக்கும்.

அம்மா போனபோது தங்கைக்கு நாலு வயது. நான்தான் அவளை வளர்த்தேன். என் மடியில்தான் தூங்குவாள். தூக்கத்தில் புரண்டு என் கையைத் தடவிப் பார்ப்பாள், மெத்தென்று இருந்தால் அக்கா என்று தெரிந்து மறுபடி தூங்கிவிடுவாள். அவளை ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை அங்கே சின்னக் கணக்கப்பிள்ளை. நல்ல மனிதர். வீடுதான் மலையுச்சியில் இருந்தது. பஸ் கீழே ஸ்டோரடியில், தேயிலை ஆலைக்குப் பக்கத்தில், நின்றுவிடும். அங்கிருந்து தேயிலைக்குள் வெட்டிய படிகளில் ஒரு மணி நேரம் ஏற வேண்டும்.

தலைப்பிரசவத்துக்கு அவள் என் வீட்டுக்கு வருவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் வலி முன்னதாகவே கண்டுவிட்டது. செய்தி கிடைத்ததும் பஸ் பிடித்துப் போனேன். படி ஏற ஆரம்பித்தேன். பாதி வழிகூட இல்லை, ஒரு ஓடைக்கு மேல் கட்டிய மதகு இருந்தது. அதில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. மார் படபடவென்று அடித்தது. கண் இருண்டது. கொழுந்துக் கூடையோடு போன பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒரு கங்காணி வந்து ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "அம்மா, கம்பளியில தொட்டில் மாதிரி கட்டி நாலு பேர் தூக்கிட்டுப் போகட்டுங்களா?"

நோயாளிகளை அப்படித்தான் மலையிலிருந்து இறக்குவார்கள். என்னை ஏற்றவும் செய்திருப்பார்கள். ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா, இருமினாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "வேண்டாம்" என்றேன். வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு இறங்கி பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். எடை என்னை நிறுத்தியது என்று எல்லோரிடமும் சொன்னேன். நிறுத்தியது வெட்கம். இதை எழுதவே எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. தங்கை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவள் வீட்டு வாசலில் நின்றால் அந்த மதகு தெரியும் என்பது மட்டும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாப்பிள்ளை வாசலில் நின்று பார்த்து உள்ளே போய்ச் சொன்னாராம்: "உங்க அக்கா மதகுல உட்கார்ந்திருக்காங்க. இப்ப வந்துருவாங்க." அவள் வலியோடு வலியாக ராத்திரி வரை வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாளாம்.

இரண்டு வருடம் கழித்து அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். சொல்லியனுப்பிய செய்தியில் கடைசியாக ஒன்று சேர்த்திருந்தாள்: "அக்கா வர முடியாட்டிப் பரவாயில்லை." அந்தப் பரவாயில்லைதான் என்னை அறுத்தது. இந்த முறை ஏறியே தீருவது என்று முடிவு செய்தேன்.

எனக்கு இரண்டு சிநேகிதிகள் இருந்தார்கள். ஒருத்தி கோயிலுக்குப் பூக்கட்டும் விதவை. வயதில் என்னைவிடப் பத்து மூப்பு. நான் பூக்காரக்கா என்று கூப்பிடுவேன். வாய் நீளம், உடம்பு குச்சி. மற்றவர் பக்கத்துத் தெருவில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கும் முஸ்லிம் வியாபாரியின் மனைவி. அவர் பக்கத்தில் அக்காவை ராத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பகலில் வெளியே வரமாட்டார். எங்கள் வீட்டுப் பின்பக்கத்து வேலியும் அவர் வீட்டுப் பின்பக்கத்து வேலியும் ஒன்று. அந்த வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று நாங்கள் பேசிய பேச்சை மூட்டை கட்டினால் இரண்டு லொறி பிடிக்கும்.

நான் விஷயத்தைச் சொன்னதும் பூக்காரக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நாளைக்கு விடியக்காலம் என்கூட பூப்பறிக்க வா. கூடையை நீதான் தூக்கணும்" என்றாள். அவ்வளவுதான். ராத்தா வேலி வழியாக என் வீட்டுப் பூந்திச் சருவத்தையே வாங்கிக்கொண்டார். "இது இனி எங்க வீட்டுப் புள்ளையளுக்கு. நீங்க வாயக் கட்டுங்க புள்ள" என்றார்.

அந்த விடியல்களை நான் எப்படிச் சொல்வேன். பனிக்குள் இறங்கி நடப்போம். பூக்காரக்காவின் வெள்ளைச் சேலை கொஞ்ச தூரத்தில் கரைந்துவிடும், அவள் பேச்சு மட்டும் எனக்கு முன்னால் போகும். அதைப் பிடித்துக்கொண்டு நான் போவேன். மேட்டில் இருந்த தோட்டங்களில் செவ்வரத்தை, நந்தியாவட்டை, அலரி. கொம்பை அசைத்தால் பனித்துளி கழுத்தில் விழும். வெறும் வயிறு. பசியில் தலை லேசாகி, நான் நடக்கிறேனா, நடப்பதாகக் கனவு காண்கிறேனா என்று தெரியாத ஒரு மயக்கம். என் உடம்பு எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குக் கனமே இல்லாத மாதிரி இருக்கும். அப்போது பூக்காரக்கா திரும்பிப் பார்த்து, "என்னடி, மாட்டு வண்டி மாதிரி மூச்சு விடுற" என்பாள். கனம் திரும்பி வந்துவிடும்.

முதல் வாரம் கோயில் வரைக்கும். அடுத்த வாரம் அதற்கு மேலே ஆலமரம் வரைக்கும். "இன்னைக்கு அந்த வீட்டு அலரியில பூ இல்லை, அடுத்த மேட்டுக்குப் போகணும்" என்று ஏமாற்றியே என்னை ஏற்றுவாள். அலரியில் பூ இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சொன்னதில்லை.

நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பது ராத்தாவின் யோசனை. அவர் வீட்டையும் கடையையும் ஒரு கதவு பிரித்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆண்கள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். கடை பூட்டியிருக்கும். அந்த ஒரு மணி நேரம் கடை எங்களுடையது. வேலியில் ஒரு சட்டத்தை விலக்கி என்னை உள்ளே இழுப்பார்கள். உத்தரத்திலிருந்து மூட்டை நிறுக்கும் பெரிய தராசு தொங்கியது. சங்கிலியில் இரண்டு பலகைத் தட்டு. ஒன்றில் நான் ஏறி உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது, படிக்கற்கள் எல்லாம் பெட்டிக்குள், சாவி ராத்தாவின் கணவருடைய இடுப்பில், அவர் பள்ளியில்.

பூக்காரக்கா சளைக்கவில்லை. மூலையில் கிடந்த கொக்கோ மூட்டைகளில் ஒன்றை இரண்டு பேருமாக இழுத்து எதிர்த்தட்டில் ஏற்றினார்கள். நான் அசையவில்லை. இன்னொரு அரை மூட்டையை ஏற்றினார்கள். நான் மெதுவாக மேலே எழுந்தேன். ராத்தா ஒரு கை கொக்கோவை எடுத்தும் போட்டும் இரண்டு தட்டையும் சமமாக்கினார். பிறகு அந்த இரண்டு மூட்டையின் வாயையும் சிவப்பு நூலால் தைத்தார். "இதுதான் நீங்க. இனி ஒவ்வொரு வெள்ளியும் இதோட ஏறுங்க. நீங்க குறைஞ்சா மேல போவீங்க" என்றார். கொக்கோவுக்கு அப்போது விலை விழுந்து கிடந்தது. விலை ஏறும் வரைக்கும் அவர் கணவர் அந்த மூட்டைகளைத் தொடமாட்டார் என்பது ராத்தாவுக்குத் தெரியும்.

மலையிலிருந்து ஈரத்தோடு வந்த கொக்கோ அது. வைத்திருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் வரும் நாட்களில் ராத்தா மூட்டையைப் பிரித்துப் பின்முற்றத்துப் பாயில் கொட்டிக் கையால் கிளறுவார். புளித்த வாசம் எங்கள் வீட்டுக்குள் வரும். "இன்னைக்கு உங்களத்தான் வெயில்ல போட்டிருக்கன்" என்று வேலிக்கு மேலாகச் சிரிப்பார். சாயங்காலம் ஒரு கொட்டை சிந்தாமல் அள்ளிக் கட்டி, மறுபடி சிவப்பு நூலால் தைத்துவிடுவார். அவ்வளவு கவனம்.

அடுத்த வெள்ளி நான் ஏறி உட்கார்ந்தேன். ஒரு விரற்கடை கீழே போனேன். அதற்கடுத்த வாரம் மழை. ஒரு விரற்கடை மேலே போனேன். நாங்கள் மூன்று பேரும் கைகொட்டினோம். அதற்குப் பிறகு நல்ல வெயில் வாரம். மறுபடி கீழே. இப்படியே போனது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, மேடு மேடாக ஏறி இறங்கி, வெள்ளிக்கிழமை வந்தால் மூட்டையும் நானும் பழையபடி சமம், அல்லது நான் கொஞ்சம் கூட.

பூக்காரக்கா இதை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தாள். "உனக்கு வெயில் ஆகாதுடி. வெயில் பட்டா ஊதுற, மழை பட்டா வத்துற. மழை உடம்பு உன்னுது." அதற்குப் பிறகு என்னைத் தூறலில் நனைய நனைய நடத்தினாள். வெயில் ஏறிவிட்டால் குடையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் ஓடி வருவாள், எனக்கு மட்டும் நிழல் விழும்படி. ஊரில் எல்லோரும் மழைக்குக் குடை பிடிக்க, நாங்கள் இரண்டு பேரும் வெயிலுக்குப் பிடித்து மழைக்கு மடக்கினோம். எத்தனை பேர் எங்களைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். ஒரு சளி பிடித்துப் பத்து நாள் விடவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் மூன்று பேரும் வியாபாரம் அறியாத வீட்டுப் பெண்கள் அல்ல. ஈர மிளகு காய்ந்தால் நிறை குறையும் என்பது மாத்தளையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். என் கடைக்கு வரும் மிளகாய் மூட்டையைக்கூட நான் கையை விட்டு ஈரம் பார்த்துத்தான் வாங்குவேன். ஆனால் அந்த மூட்டையைச் சிவப்பு நூல் போட்டு நான் என்று வைத்த பிறகு, அது கொக்கோ என்பதே எங்கள் மூன்று பேருக்கும் மறந்துபோய்விட்டது.

நாலாவது மாதம் மழையே இல்லை. தங்கைக்கு நாள் நெருங்கியது. அந்த வெள்ளிக்கிழமை நான் தட்டில் உட்கார்ந்ததும் பலகை சட்டென்று கீழே இறங்கியது. கடைக்குள் கொக்கோ வாசமும் இருட்டும் எங்கள் மூச்சும்தான் இருந்தன. "தராசுல ஏதோ கோளாறு" என்றாள் பூக்காரக்கா, அவளுக்கே நம்பிக்கை இல்லாமல். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நாலு மாதம் ராப்பட்டினி கிடந்தும் என் உடம்பு என்னை விடவில்லையே என்று அழுதேன். "இனி என்னைக் கூப்பிட வராதீங்க" என்று இரண்டு பேரையும் திட்டிவிட்டு வந்தேன். தங்கைக்கு வர முடியாது என்று சொல்லியனுப்பினேன். மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு பூந்தி சாப்பிட்டேன். ருசிக்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் நட்ட நடுப்பகலில் வேலியில் தடதடவென்று சத்தம். பார்த்தால் ராத்தா. சட்டத்தை இழுத்து எறிந்துவிட்டு என் முற்றத்தில் நிற்கிறார். சேலைத் தலைப்பு நழுவுவதுகூடத் தெரியவில்லை.

"புள்ள, நாங்க மூணு பேரும் மடச்சிகள்!"

விஷயம் இதுதான். விலை ஏறி, அன்று காலை கொக்கோவை வாங்க ஆள் வந்திருக்கிறது. அவர் கணவர் சிவப்பு நூல் மூட்டைகளை இரும்புக்கல் போட்டு நிறுத்திருக்கிறார். "வாங்கும்போது ரெண்டும் சேர்ந்து ஒன்றே முக்கால் அந்தர். இப்ப ஒன்றரைக்கும் கீழ நிக்குது. காஞ்சு போச்சு" என்று சும்மா சொல்லியிருக்கிறார். அடுப்படியில் இருந்த ராத்தா கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டாராம். கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, திட்டவில்லை. படிக்கல் பெட்டிச் சாவியை மனைவி கையில் கொடுத்துவிட்டு, கடைக்கு வெளியே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார், எங்களுக்கு முதுகைக் காட்டி.

பூக்காரக்காவும் வந்து சேர்ந்தாள். இந்த முறை எதிரே இரும்புக்கல். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க நான் மெதுவாக, கனவில் எழுவது மாதிரி எழுந்தேன். முதல் நாள் மூட்டைக்குச் சமமாக ஒன்றே முக்காலில் இருந்தவள், சரியாக ஒன்றரை அந்தரில் நின்றேன். மூன்று நாள் பூந்தியும் சேர்த்து.

"கால் அந்தர்!" என்று கத்தினாள் பூக்காரக்கா. "இருபத்தெட்டு இறாத்தல்! ரெண்டு வயசுப் பிள்ளை ஒண்ணை இறக்கி வச்சிருக்கடி!" ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மூட்டை மட்டுமல்ல, மூட்டையோடு சேர்ந்து நானும் காய்ந்துகொண்டே வந்திருக்கிறேன். அதைக் கிளறிக் கிளறி உலர்த்தியது அவர் கைதான். நான் பலகையிலிருந்து இறங்க மனமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தேன். சந்தோஷம் வந்தால் எனக்குச் சிரிப்பு வராது, தூக்கம்தான் வரும். அன்றைக்கும் கண் சொக்கியது.

மறுநாள் காலை தோட்டத்துத் தபால்காரன் கடைக்கு வந்து வலி கண்டுவிட்டது என்றான். ராத்தா வேலி வழியாக இடியப்பப் பொட்டலமும் ஒரு போத்தல் கொத்தமல்லித் தண்ணியும் தந்தார். "நான் வர ஏலாது. என் பங்குக்கும் சேர்த்து ஏறுங்க" என்றார். பூக்காரக்கா அன்றைய பூவை வேறொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு என்னோடு பஸ் ஏறினாள்.

படிகளில் பனி கலையவில்லை. இரண்டு பக்கமும் தேயிலை நனைந்து கிடந்தது. எங்கேயோ மேலே கொழுந்தெடுக்கும் பெண்களின் பேச்சு கேட்டது, ஆளைக் காணவில்லை. பழக்கம்தான். பூக்காரக்காவின் குரலைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மதகு வந்தது. மார் அடித்தது. உட்கார்ந்தேன். பழைய இடம், பழைய ஓடை, அதே குளிர்ந்த கல். இருண்டு வருகிறதா என்று கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு கங்காணி கம்பை ஊன்றிக்கொண்டு மேலேயிருந்து இறங்கி வந்தார். அவரேதானோ வேறொருவரோ, அவர் வாயைத் திறப்பதற்குள் நானே கேட்டேன்.

"ஐயா, பக்கத்துல கம்பளி இருக்குங்களா? என்னால ஏற முடியாட்டி நாலு பேரா என்னைத் தூக்கிட்டுப் போகணும்."

பூக்காரக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "இருக்குங்கம்மா, கூப்பிடுறேன்" என்றார் அவர். அதைக் கேட்டதும், எப்படி என்று தெரியவில்லை, மூச்சு அடங்கியது. எப்படியானாலும் மேலே போய்விடுவேன் என்று ஆகிவிட்டது. எழுந்து நடந்தேன். கம்பளி தேவைப்படவில்லை.

தங்கை பாயில் கிடந்தாள். கண் மூடியிருந்தது. விட்டத்திலிருந்து கட்டிய கயிற்றை ஒரு கையால் பிடித்திருந்தாள். மருத்துவச்சி காலடியில் இருந்தாள். நான் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி என் கையைத் தடவினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து மேலே. தடவிய கை நின்றது.

"யாரு?" என்றாள்.

அவளிடம் வந்து சேரத்தானே அந்தக் கையைக் கரைத்தேன். அதுதானே அவளுக்கு என்னைக் காட்டிக்கொடுக்கும் கை.

"நான்தான்டி. அக்கா."

"அக்கா கை இது இல்லை."

"இதுதான் இப்போ."

கண்ணைத் திறந்தாள். வெகு நேரம் பார்த்தாள். ஒரு வலி வந்து போனது.

"ஏறியா வந்தே?"

"ஏறித்தான் வந்தேன்."

"மதகுல உட்காரலியா?"

"உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்துட்டேன்."

கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை தடவிப் பார்க்கவில்லை. பிள்ளை பிறக்கும் வரைக்கும் விடவும் இல்லை.